கடைமடைக்கு அப்பால்: நீர்ச்சொற்களும் கடலோரச் சமுதாய மேலாண்மையின் எல்லையும்

ஆய்வுச்சுருக்கம்

கடலோர வளங்களை மக்கள் பங்கேற்புடன் காக்கும் முயற்சிகள் தமிழகத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளிலும் நடைபெற்றுள்ளன. அம்முயற்சிகளில் 'சமுதாயம்' என்னும் சொல் கரையோர ஊர்களோடு நின்றுவிடுகிறது. கடலுக்கு வரும் ஆற்றின் மேற்பகுதியில் வாழ்வோர் அதனுள் அடங்குவதில்லை. இந்த எல்லையை நிர்வாகம் மட்டும் வகுக்கவில்லை. நீரைக் குறித்துத் தமிழில் வழங்கும் சொற்களும் திணைக் கோட்பாட்டை இன்று வாசிக்கும் முறையும் அதற்குத் துணைநிற்கின்றன என்பதை வெண்ணந்தூர்ப் பகுதியின் திருமணிமுத்தாற்றை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கடைமடை, முந்நீர், அலையாத்தி, பவளப்பாறை, திணை, குடிமராமத்து, திருமணிமுத்தாறு

வெண்ணந்தூரும் கடலும்

நாமக்கல் மாவட்டத்து வெண்ணந்தூர் கடல் காணாத ஊர். தறிகளும் கிணற்றுப் பாசனமும் மரவள்ளிக் காடுகளும் கொண்ட அவ்வட்டாரத்தைக் கடலோரம் பற்றிய ஆய்வில் எவரும் தேடுவதில்லை. எனினும் சேர்வராயன் மலைத்தொடரில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் ஊடே வந்து, வெண்ணந்தூர் ஒன்றியத்து மதியம்பட்டிப் பக்கமாகத் தெற்கே சென்று, பரமத்திவேலூருக்கு அருகில் நஞ்சை இடையாற்றில் காவிரியோடு சேர்கிறது. கல்லணையில் காவிரியினின்று வெண்ணாறு பிரிகிறது. வெண்ணாற்றின் கிளைகளான கோரையாறும் பாமணியாறும் திருவாரூர் மாவட்டத்தின் தென்கோடியில் முத்துப்பேட்டைக் காயலை அடைகின்றன. நீரின் வழியைப் பின்பற்றினால் வெண்ணந்தூர் ஓர் அலையாத்திக் காட்டின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் அமைந்த ஊராகும்.

அந்த நீர் இன்று எத்தகையது என்பதும் அறிந்த செய்தியே. சேலம் மாநகரின் கழிவுநீரும், சாயப்பட்டறைகள், ஜவ்வரிசி ஆலைகள் ஆகியவற்றின் கழிவும் திருமணிமுத்தாற்றில் கலப்பதும், மழைக்காலத்தில் ஆறு வெண்ணுரை பொங்க ஓடுவதும் நாளிதழ்களில் ஆண்டுதோறும் இடம்பெறுகின்றன. நுரை படிந்த வயல்களைப் பற்றிய முறையீடு நாமக்கல்லில் எழுகிறது. நுரையின் பிறப்பிடம் சேலத்தில் இருக்கிறது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்ததோடு, ஒரே ஆற்றின் மேலும் கீழும் இரு நிர்வாகங்களின் பொறுப்பாயின. கடலுக்கு வெகு முன்னரே, உள்நாட்டிலேயே இவ்வெட்டு தொடங்கிவிடுகிறது.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். திருமணிமுத்தாறு காவிரிக்குத் தரும் நீர் அளவில் சிறியது. கோடையில் அதன் இயல்பான ஓட்டம் ஏறக்குறைய இல்லை. முத்துப்பேட்டையின் நலிவுக்கு வெண்ணந்தூரைப் பொறுப்பாக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு கடலோரத்தைக் காக்கும் சமுதாயத்தில் யார் உறுப்பினர், யார் அல்லர் என்பதை முடிவு செய்வது எது என்பதே வினா.

'வீண்' என்னும் சொல்

'மழைநீர் வீணாகக் கடலில் கலக்கிறது' என்ற தொடர் தமிழக மேடைகளிலும் செய்திகளிலும் கேட்டுக் கேட்டுப் பழகியது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மேட்டூர் உபரிநீரை வறண்ட ஏரிகளுக்குத் திருப்பவேண்டும் என்னும் நெடுநாள் கோரிக்கையும், காவிரி–திருமணிமுத்தாறு–அய்யாறு இணைப்புக் கோரிக்கையும் இத்தொடரைக் கொண்டே தம்மை நியாயப்படுத்துகின்றன. கோரிக்கைகளின் நியாயம் வேறு. மானாவாரி நிலத்தில் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டிய பின்னும் நீர் காணாத உழவருக்கு, வெள்ளக்காலத்தில் கண்ணெதிரே ஓடும் நீர் இழப்பாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் 'வீண்' என்ற சொல் அந்த உழவரின் இழப்பைக் கூறுவதோடு நிற்பதில்லை. கடலில் அந்நீருக்குப் பயனாளர் எவரும் இலர் என்ற கூற்றையும் அது உடன் சுமந்து வருகிறது.

'கடைமடை' என்னும் சொல்லும் இதற்கு உடந்தையாகிறது. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கப்படும் ஆண்டுகளில் நீர் கடைமடையை எட்டியதா என்பதே நிர்வாகத்தின் வெற்றிக்கு அளவுகோல். கடைமடைக்கு அப்பால் இருப்பது மொழியில் பெயரற்ற வெளி. கடல்நீர் உள்ளேறாமல் தடுக்கும் கடைசி இயக்கணைகளுக்குக் கீழேதான் அலையாத்தி நிற்கிறது. உவரும் நன்னீரும் கலக்கும் இடத்தில் மட்டும் செழிக்கும் அக்காட்டிற்குப் பாசனக் கணக்கில் ஒரு மடைகூட இல்லை.

இச்சொற்பழக்கம் சட்ட மொழியிலும் ஏறியுள்ளது. 2007 பிப்ரவரி 5ஆம் நாள் வெளியான காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு மொத்தம் 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டது. அதில் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கும், 4 டி.எம்.சி. தடுக்க முடியாமல் கடலுக்குத் தப்பிச்செல்லும் நீருக்கும் ஒதுக்கப்பட்டன. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 419இலிருந்து 404.25 டி.எம்.சி.யாகக் குறைத்தபோதும் இந்த 14 டி.எம்.சி. மாறவில்லை. அளவின் சிறுமையைவிடச் சொல்லின் தன்மை கருதத்தக்கது. கடலுக்கு நீர் செல்வது அங்கே ஒரு பங்காகக் கருதப்படவில்லை. காவலை மீறித் தப்பியோடுவதாகக் கருதப்பட்டிருக்கிறது.

பழந்தமிழ் நூல்கள் இதை இப்படிச் சொல்லவில்லை. பட்டினப்பாலை காவிரியை அறிமுகப்படுத்தும்போதே அதன் தலையை மலையிலும் முடிவைக் கடலிலும் வைத்து ஒரே தொடரில் கட்டுகிறது. சிலப்பதிகாரக் கானல்வரியில் ஆற்றுவரிப் பாடல்கள் புகார்க் கடற்கரையில் பாடப்படுகின்றன. காவிரி நடந்து வந்து சேர்வது அங்கே கொண்டாட்டத்திற்கு உரியது. 'முந்நீர்' என்ற கடற்பெயர் இன்னும் பொருத்தமான சான்று. ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் என்னும் மூன்றும் உடையது ஆதலின் கடல் முந்நீர் ஆயிற்று என்பது வழக்கிலுள்ள விளக்கம். அடியார்க்குநல்லார் இதனை மறுக்கிறார். ஆற்றுநீர் என்பதும் மழைநீரே. இவ்விரண்டும் இல்லாதபோது ஊற்றுநீரும் இல்லை. ஆகவே இவற்றை மூன்றாக எண்ணுவது பொருந்தாது என்பது அவர் வாதம். படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் முச்செய்கை உடைமையே காரணம் என்று அவர் வேறு விளக்கம் தருகிறார். சொற்பொருள் பற்றிய இம்மறுப்பின் ஊடே நீரின் சுழற்சி பற்றிய ஒரு தெளிவு வெளிப்பட்டிருப்பதை உரை வரலாற்றாளர் போதிய அளவு கவனிக்கவில்லை. இருவரில் யார் சொன்னது சரியாயினும், ஆறு கடலில் வீணாகிறது என்று கூறுவதற்கு இரு விளக்கங்களிலும் இடமில்லை.

ஆயினும் பழமையை முழுதும் ஒருபக்கமாக வாசிப்பதும் பிழை. புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கூறும் அறிவுரை, பள்ளமான இடங்களில் நீரைத் தளைத்து வைக்கவேண்டும் என்பதே. நீர் மேலாண்மை குறித்த தமிழ்க் கட்டுரைகளில் இப்பாட்டைப் போல் மிகுதியாக எடுத்தாளப்பட்டது வேறில்லை. தேக்குதலைப் புகழும் பாட்டு மீண்டும் மீண்டும் சுட்டப்படுவதும், சேர்தலைப் புகழும் பாட்டுகள் நீர் மேலாண்மை என்ற தலைப்பின்கீழ் வராமலே போவதும் நம் காலத்தின் தேர்வாகும்.

முத்துப்பேட்டையின் மன்றங்கள்

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் நலிவுக்கு உள்ளூர் மக்களின் விறகு வெட்டலும் கால்நடை மேய்ச்சலுமே காரணம் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் மேற்கொண்ட ஆய்வு இக்கருத்தைத் திருத்தியது. காலனிய ஆட்சிக் காலத்தில் தொடங்கிய, காட்டைத் தொகுதி தொகுதியாக முற்றும் வெட்டும் முறையால் வெட்டவெளியான மண் வெயிலில் ஈரம் இழந்து தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளங்களில் ஏற்றத்தில் வந்த கடல்நீர் வற்றத்தில் திரும்பாமல் தேங்கியது. தேங்கிய நீர் வற்ற வற்ற உப்பு மிகுந்து விதை முளைக்க இயலாமற்போனது. குற்றம் சுமத்தப்பட்ட மக்கள் குற்றவாளிகள் அல்லர் என்று காட்டியதே அவ்வாய்வின் முதற்பயன்.

தீர்வும் எளிமையானது. தேங்கிய பள்ளத்தினூடே ஒரு முதன்மை வாய்க்காலும் அதினின்று சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்களும் வெட்டப்பட்டன. மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலத் தோன்றும் இவ்வமைப்பில் கடலின் ஏற்ற வற்றம் மீண்டும் உள்ளே வந்து சென்றது, உப்பு குறைந்தது, வாய்க்கால் ஓரங்களில் நட்ட வெண்கண்டல் வேரூன்றியது. வனத்துறையும் நிறுவனமும் ஊர் மன்றங்களும் இணைந்த கூட்டு மேலாண்மை இது. வாய்க்கால் வெட்டி மீன்பிடிக்கும் வழக்கம் முத்துப்பேட்டை மீனவரிடையே முன்னரே இருந்தமையால், வாய்க்காலைப் பேணும் வேலை அவர்களுக்குப் புதிதன்று. தமிழகத்துக் கடலோரத்தில் பங்கேற்பு என்ற சொல் ஓரளவேனும் பொருளுடன் வழங்கிய இடம் இதுவென்று கூறலாம்.

ஆனால் நலிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு: காவிரிப் படுகையிலிருந்து வரும் நன்னீர் குறைந்தது. முதற்காரணத்தை மன்றங்கள் மண்வெட்டியால் சரிசெய்ய முடிந்தது. இரண்டாவதற்கு அவற்றிடம் கருவி இல்லை. அதைக் கேட்டுப் பெறும் மன்றமும் இல்லை. ஊர் மன்றத்தின் ஆட்சிப்பரப்பு ஊரும் அதை ஒட்டிய காடும் மட்டுமே. மேட்டூரில் திறப்பதும் கல்லணையில் பிரிப்பதும் திருமணிமுத்தாற்றில் கலப்பதும் அதன் எல்லைக்கு வெளியே. தாம் கெடுக்காத காட்டைத் தம் உழைப்பால் மீட்ட மக்களுக்கு, அக்காட்டைத் தொடர்ந்து நலியச் செய்யும் காரணத்தைப் பற்றிப் பேச உரிமை தரப்படவில்லை. 2018 நவம்பர் 16இல் கரையைக் கடந்த கஜா புயல் இக்காட்டைச் சிதைத்தபின் மீட்புப்பணி பற்றி எழுந்த பேச்சிலும் நடவுக்கும் வாய்க்காலுக்கும் கிடைத்த இடம் நன்னீர் வரத்துக்குக் கிடைக்கவில்லை.

பாரும் பவளமும்

காவிரி முகத்துவாரத்தில் பவளப்பாறை இல்லை. வண்டலும் நன்னீரும் மிகும் இடத்தில் பவளம் வளராது. தமிழகக் கரையில் அது பாக் நீரிணையின் மண்டபம் பகுதியிலும், மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள தீவுகளைச் சுற்றியும் அமைந்துள்ளது. வளைகுடாவுக்கு நீர் தருவன தாமிரபரணி, வைப்பாறு, குண்டாறு முதலிய தென்னாறுகள். எனவே அலையாத்திக்கு நீர் வாராமை தீங்கு என்றால், பவளத்திற்கு அளவிறந்த வண்டலும் கழிவும் வருதல் தீங்கு. இரண்டிலும் மேற்பகுதியின் பங்கு உண்டு. மேல்நாட்டு மண் கடலோரத்தை மாற்றியமைக்கும் என்பதற்குக் கொற்கையைவிடச் சான்று வேண்டியதில்லை. சங்க காலத்து முத்துத்துறை இன்று தாமிரபரணியின் வண்டலால் கடலிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் உள்ளே கிடக்கிறது.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை உள்ளடக்கிய 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைச் சூழ்ந்த 10,500 சதுர கிலோமீட்டர் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2000இல் காப்பக அறக்கட்டளை நிறுவப்பட்டு, உலகச் சுற்றுச்சூழல் நிதியுதவியோடு கரையோர ஊர்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 2001இல் பவள உயிர்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டுவது தூத்துக்குடிப் பகுதியில் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஏறத்தாழ நின்றது. பாறை இருந்த கரையை அலை குறைவாகத் தாக்கியதைக் கண்டறிந்த மீனவரின் சொந்த முடிவும் அதில் உண்டு.

இந்த அமைப்பில் பெரும் விலை கொடுத்தவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். தீவுகளைச் சுற்றி முக்குளித்துக் கடற்பாசி எடுத்துவந்த மண்டபம், பாம்பன் பகுதிப் பெண்களுக்குப் பூங்கா எல்லை திடீரென்று வேலியாயிற்று. அவர்கள் சங்கமாகத் திரண்டு, பாறையைச் சுரண்டும் உலோகக் கருவிகளைத் தாமே கைவிட்டு, கடலில் இறங்கும் நாள்களைத் தாமே குறைத்துக்கொண்டனர். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்னும் அமெரிக்க அமைப்பின் பரிசு கிடைத்ததும் இப்பணிக்காகவே. மறுபுறம், மாற்று வாழ்வாதாரம் என்ற பெயரில் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்னும் பாசி இனம் குருசடைத் தீவின் பவளத்தின்மீது படர்ந்திருப்பது 2008இல் ஆய்வாளர்களால் வெளிப்படுத்தப்பட்டது. கையால் எடுத்தவர்களுக்குத் தடையும், கேடு விளைத்த பாசிக்கு ஊக்கமும் ஒரே காலத்தில் ஒரே கரையில் நிலவின.

1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கடல் வெப்பத்தால் பவளம் வெளுத்தது. தூத்துக்குடியை ஒட்டிய பகுதியில் நகர, ஆலைக் கழிவுகள் கடலில் சேர்கின்றன. இவற்றிற்குக் காரணமானவர் எவரும் சூழல் மேம்பாட்டுக் குழுவில் உறுப்பினர் அல்லர். குழுவின் ஒழுங்குக்கு உட்பட்டோர், காரணத்தில் மிகச் சிறிய பங்குடைய ஊரார். சமுதாய மேலாண்மை இங்கே அதிகாரத்தைப் பகிர்ந்ததைவிடக் கட்டுப்பாட்டைப் பகிர்ந்ததே மிகுதி.

மீனவர் வழக்கில் கடலடிப் பாறைத்திட்டுக்குப் 'பார்' என்று பெயர். எந்தப் பாரில் எந்தக் காற்றில் எந்த மீன் நிற்கும் என்ற அறிவு வாய்வழி வந்தது. திட்ட அறிக்கைகளின் தமிழில் 'பார்' இல்லை. 'பவளப்பாறைச் சூழல்தொகுதி' உண்டு. சொல்லை விட்டதோடு அச்சொல்லுக்கு உரியவரின் அறிவும் அறிக்கையின் வெளியே நின்றுவிட்டது.

திணை வாசிப்பின் சிக்கல்

இவ்விடத்தில் தமிழியல் ஆய்வு தரக்கூடிய கருவி திணைக் கோட்பாடு என்பது பொதுவான நம்பிக்கை. நிர்மல் செல்வமணி போன்றோர் திணையை நிலமும் உயிரும் மனிதரும் இணைந்த உறவமைப்பாக விளக்கி, சூழலியல் திறனாய்வுக்கு வலுவான அடித்தளம் அமைத்தனர். அதைப் பின்பற்றிய கட்டுரைகளில் பலவும் எளிய வழியில் இறங்கிவிட்டன. குறிஞ்சிக்கு இவ்வுயிர்கள், நெய்தலுக்கு இவ்வுயிர்கள் என்று கருப்பொருளைப் பட்டியலிட்டு, 'பழந்தமிழர் சூழல் அறிவு மிக்கோர்' என்று முடிப்பது ஒரு வாய்பாடாகிவிட்டது. இப்பட்டியலில் நெய்தல் புன்னையும் தாழையும் கழியும் உப்பும் சுறாவும் கொண்ட தனிப்பெட்டி. அதற்கு நீர் எங்கிருந்து வருகிறது என்ற வினாவுக்குப் பட்டியலில் இடமில்லை.

இக்குறையை நிரப்பத் 'திணைமயக்கம்' என்ற சொல்லை எடுத்தாள்வோர் உளர். நிலங்கள் ஒன்றோடொன்று கலக்கும் சூழலியல் உண்மையைத் தொல்காப்பியர் அறிந்திருந்தார் என்பது அவர்கள் கருத்து. தொல்காப்பியம் சொல்வது அதுவன்று. திணை மயங்குதலை விலக்காத அகத்திணையியல் நூற்பா, அதே மூச்சில் நிலம் ஒருங்கு மயங்குதல் இல்லை என்று வரையறுக்கிறது. பொழுது மயங்கலாம், கருப்பொருள் மயங்கலாம். இரு நிலம் ஓரிடத்து மயங்காது. இது செய்யுள் மரபுக்கான விதி, நீரியலுக்கு அன்று. இலக்கண நூலை நீர்ப்பிடிப்பு மேலாண்மைக்கு முன்னோடி ஆக்குவது நூலுக்கும் நீதியன்று, ஆற்றுக்கும் பயனன்று.

கோட்பாட்டைவிடப் பாட்டு சில வேளைகளில் தூரம் செல்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் நாட்டைக் கூறும் பகுதியில், தேனும் கிழங்கும் விற்க வந்தோர் மீன்நெய்யும் கள்ளும் கொண்டு திரும்புகின்றனர். பரதவர் குறிஞ்சி பாடுகின்றனர். குறவர் நெய்தற்கண்ணி சூடுகின்றனர். நால்நிலத்தாரும் ஒருவர் பொருளை ஒருவர் அறிந்து வாழும் ஒரே ஆற்றுநாடு அங்கே காட்சியாகிறது. ஆய்வாளர் இதனைப் பண்டமாற்றுக்குச் சான்றாக மட்டும் எடுப்பது வழக்கம். ஒரு படுகையின் மக்கள் தம்மை ஒரு நாட்டினராகக் கண்ட காட்சியாகவும் அதை வாசிக்க இயலும். அதுவும் அரசனைப் புகழும் பாட்டே, மலைநாட்டார் எல்லோரும் அவ்வாறே கருதினர் என்பதற்கு ஆவணம் அன்று என்ற எச்சரிக்கையோடு.

ஊர் என்னும் அலகு

பொதுவளம் பற்றி எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூல், நீடித்து நிற்கும் பொதுவள அமைப்புகளின் முதற்கூறாகத் தெளிவான எல்லையைச் சொன்னது. ஏரிக்கு அது பொருந்தும். ஆயக்கட்டு இது, மதகு இது, கலிங்கு இது என்று வரையலாம். பழவேற்காட்டு ஏரியில் மீனவர் முறைவைத்து வலையிடும் 'பாடு' வழக்கமும் அத்தகையதே. ஓடும் நீருக்கு எல்லை வரைந்தால், வரைந்த இடத்திலேயே பொறுப்பும் முடிந்துவிடுகிறது.

ஊர் என்ற அலகின் உட்புறமும் சமமானதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளின் ஏரி வாரியத்தைச் சுட்டிப் பெருமை கொள்வோர், வாரியத்தில் அமர நிலமும் கல்வியும் தகுதியாக இருந்ததை அடிக்குறிப்பில் வைக்கின்றனர். குடிமராமத்தை மக்களின் தன்னார்வம் என்று போற்றுவோர், 1858இல் சென்னை மாகாணம் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்ற நேர்ந்ததை மறக்கின்றனர். தென்தமிழகக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூலில், நீர் ஒழுங்கு என்பது பெரும்பாலும் சாதி, அதிகார ஒழுங்காகவே இருந்தது என்று காட்டினார். 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரையே மீட்டெடுத்தபோது, பெயரோடு இந்த வரலாறு விவாதிக்கப்படவில்லை.

வேறு அலகு இல்லாமலில்லை. ஹவாய்த் தீவுகளில் அஹுபுவாஅ என்னும் நிலப்பிரிவு மலைமுகட்டில் தொடங்கி ஓடையின் வழியே விரிந்து கரையோரப் பவளப்பாறை வரை ஒரே பகுதியாக அமைந்தது. மேலே சேம்பு பயிரிடுவோரும் கீழே மீன்பிடிப்போரும் ஒரே பொறுப்பாளருக்குக் கீழ்ப்பட்டவர்கள். அதுவும் தலைவர்களுக்குத் திறை செலுத்திய அமைப்பே. 1848இன் நிலப்பங்கீட்டால் உடைந்தது. ஆஸ்திரேலியாவில் பெருந்தடுப்புப் பவளத்திட்டைக் காக்க 2003இல் வகுக்கப்பட்ட நீர்த்தரத் திட்டம் கடலில் இறங்கவில்லை. உள்நாட்டுக் கரும்பு வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் நோக்கிச் சென்றது. உரமும் வண்டலும் எங்கிருந்து வந்தனவோ அங்கிருந்த உழவர் அத்திட்டத்தின் முதற் பங்காளர் ஆயினர்.

வெண்ணந்தூருக்கு இதன் பொருள் என்ன? பாசன முறைகளில் உழவர் மேலாண்மைக்கான 2000ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோரைச் சங்கமாக்கியது. நீரைக் கெடுப்போரையும் கெட்ட நீரைப் பெறுவோரையும் ஓர் அவையில் அமர்த்த அதில் வழியில்லை. மதியம்பட்டியின் உழவர் தமக்கு மேலே உள்ளோரிடம் கேட்பது சாயமற்ற நீர். முத்துப்பேட்டை மீனவர் தமக்கு மேலே உள்ளோரிடம் கேட்கக்கூடியதும் அதுவே. கூடுதலாக, வரவேண்டிய அளவு நீர். இரு கோரிக்கைகளும் ஒரே வாக்கியம். உழவர் தம் மனுவை எழுதும்போது ஆறு காவிரியில் சேரும் இடத்தோடு நிறுத்துகிறார். மீனவர் தம் மனுவைக் கடைசி இயக்கணையில் தொடங்குகிறார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீருக்கு மனு எழுத எவரும் இல்லை. இரண்டையும் ஒருங்கே பெற்றுக்கொள்ளும் அலுவலகமும் தமிழகத்தின் எந்த மாவட்டத் தலைநகரிலும் இல்லை.